ஐந்தாறு அமர்வுகள்தான் கிடைக்கும் என்றால்: அரசு மனநலச் சேவையில் குறுகியகால தெரபி, இளைஞர்களுக்கான வழிகாட்டி

நான் இளைஞர்களுக்கான அரசு மனநலப் பிரிவு ஒன்றில் கவுன்சிலர். என் எதிரே வந்து உட்காருகிறவர்கள் பெரும்பாலும் பதினைந்துக்கும் இருபத்தைந்துக்கும் இடைப்பட்ட வயதினர். பாதிப் பேர் முதலில் கேட்பது, "எத்தனை தடவை வரணும்?" மீதிப் பேர் அதைக் கேட்காமல் மனதுக்குள் வைத்திருப்பார்கள். "ஐந்தாறு தடவை" என்று சொன்னதும் சிலர் முகத்தில் நிம்மதி தெரியும், சிலர் முகத்தில் "இவ்வளவுதானா?" என்ற ஏமாற்றம்.

ஏமாறுகிறவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். அரசுச் சேவையில் ஆள் குறைவு, வரிசை நீளம்; அதை மறைத்துப் பயனில்லை. ஆனால் அமர்வுகள் குறைவு என்பதாலேயே கிடைப்பது அரைகுறை சிகிச்சை ஆகிவிடாது. இங்கிலாந்தின் அரசு சுகாதாரச் சேவையில், மனச்சோர்வால் அவதிப்பட்ட 465 வளரிளம் பருவத்தினரை மூன்று பிரிவாகப் பிரித்து ஓர் ஆய்வு நடந்தது. முடிவுகள் 2017ல் வெளியாயின. ஒரு பிரிவுக்குச் சிபிடி எனப்படும் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை, இன்னொன்றுக்கு மனதின் ஆழத்தில் இருப்பதைப் பேசித் தேடும் உளப்பகுப்பாய்வு வழியில் வந்த சிகிச்சை, மூன்றாவதுக்கு எளிமையான குறுகியகாலச் சிகிச்சை. உளப்பகுப்பாய்வுப் பிரிவுக்கு 28 அமர்வுகள் வரை இடமிருந்தது, எளிய பிரிவுக்கு 12 வரைதான். அந்த 12க்கும் முழுதாக வந்தவர்கள் அதிகமில்லை, நடைமுறையில் ஆறு தடவை அளவில்தான் வந்தார்கள். சிலர் மருந்தும் எடுத்துக்கொண்டார்கள். கடைசியில் எந்தப் பிரிவும் மற்றதைவிட மேல் என்று சொல்லும்படி வித்தியாசம் வரவில்லை. மூன்றிலும் பலருக்குத் தேறியது.

ஆக, எண்ணிக்கையைவிட அந்த அமர்வுகளை எப்படிப் பயன்படுத்துகிறீர்கள் என்பதுதான் விஷயம். அதில் பாதி எங்கள் கையில், பாதி உங்கள் கையில்.

போவதற்கு முன்

ஒரு பிரச்சினையைத் தேர்ந்தெடுங்கள். "எல்லாமேதான் பிரச்சினை" என்பீர்கள். இருக்கலாம். ஆனால் எது கொஞ்சம் தளர்ந்தால் மற்றவற்றுக்கு மூச்சு கிடைக்கும் என்று யோசித்துப் பாருங்கள். தூக்கம் கெட்டிருப்பவருக்குப் படிப்பு, கோபம், நண்பர்களோடு சண்டை எல்லாமே அதிலிருந்து கிளைத்திருக்கும்; தூக்கத்தில் கைவைத்தால் மூன்றும் கொஞ்சம் அசையும்.

தேர்ந்தெடுத்ததை மூன்று வரியில் எழுதிக்கொள்ளுங்கள்: என்ன நடக்கிறது, எப்போது நடக்கிறது, அதனால் எதைச் செய்ய முடியாமல் போகிறது. "ஆங்சைட்டியா இருக்கு" என்று வருகிறவரிடம் எனக்குப் பாதி அமர்வு விசாரிப்பதிலேயே போகும். "வகுப்பில் எழுந்து பேச வேண்டிய நாள் என்றால் காலையிலேயே குமட்டுகிறது, அதனால் அந்த நாட்களில் லீவு போட்டுவிடுகிறேன்" என்று வந்தால் பத்தாவது நிமிடத்திலேயே வேலை ஆரம்பமாகிவிடும். போனில் குறித்துவைத்து அப்படியே வாசித்தாலும் சரி. வாசிப்பதில் வெட்கமே வேண்டாம். பேசத் தொடங்கியதும் பாதி மறந்துபோவது எல்லாருக்கும் நடப்பதுதான்.

சாப்பிடும் மருந்துகளின் பெயர், முன்பு எங்காவது சிகிச்சை எடுத்திருந்தால் அந்தச் சீட்டு, இரண்டையும் எடுத்துவாருங்கள்.

முதல் சந்திப்பில் கேட்க வேண்டியவை

உங்கள் கதையைச் சொல்வதற்கு முன்பே ஒன்றைக் கேட்டுவிடுங்கள்: "நான் சொல்வதில் எதையெல்லாம் வீட்டில் சொல்வீர்கள்?" பதினெட்டு வயதுக்குக் கீழ் இருப்பவர்களுக்கு விதிகள் நாட்டுக்கு நாடு மாறும், ஆனால் பொதுவான கோடு ஒன்று உண்டு. உங்கள் உயிருக்கோ இன்னொருவர் உயிருக்கோ ஆபத்து என்றாலோ, ஒரு சிறாருக்குக் கொடுமை நடக்கிறது என்றாலோ எங்களால் ரகசியம் காக்க முடியாது. மற்றவை பெரும்பாலும் அறைக்குள்ளேயே இருக்கும். அம்மாவோ அப்பாவோ கூட வந்திருந்தால், தனியாகப் பேச நேரம் வேண்டும் என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. கேட்கச் சங்கடமாக இருந்தால் வரவேற்பில் இருப்பவரிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள், நாங்களே அவர்களைப் பக்குவமாக வெளியே உட்கார வைப்போம்.

படிவங்கள் தருவார்கள். மனச்சோர்வுக்குப் பிஎச்க்யூ 9, பதற்றத்துக்கு ஜிஏடி 7 என்ற இரண்டும் பல இடங்களில் புழக்கத்தில் இருக்கின்றன. முன்னதில் ஒன்பது கேள்விகள், பின்னதில் ஏழு, கடந்த இரண்டு வாரம் எப்படி இருந்தது என்று கேட்பவை. பிஎச்க்யூவின் ஒன்பதாவது கேள்வி சாகும் எண்ணத்தைப் பற்றியது. அதில் பயந்துபோய் "இல்லவே இல்லை" என்று டிக் அடிப்பவர்கள் நிறைய. உண்மையை எழுதினால் உடனே அட்மிட் செய்துவிடுவார்கள் என்ற பயம். அப்படி இல்லை. எண்ணம் மட்டும் வந்துபோகிறதா, திட்டம் இருக்கிறதா, வழி கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறதா என்று அடுத்த கேள்விகள் வரும். பெரும்பாலானவர்கள் அதற்கெல்லாம் பதில் சொல்லிவிட்டு, ஒரு திட்டத்தோடு வீட்டுக்குத்தான் போகிறார்கள்.

அப்புறம் இந்த நான்கையும் கேளுங்கள். இங்கே எந்த வகைத் தெரபி தருகிறீர்கள்? எத்தனை அமர்வுகள், எத்தனை நாளுக்கு ஒருமுறை? ஒருநாள் வர முடியாமல் போனால் என்ன ஆகும்? முடிந்த பிறகும் தேவைப்பட்டால் எப்படித் திரும்பி வருவது? மூன்றாவது கேள்வியை யாரும் கேட்பதில்லை, ஆனால் அதில்தான் நிறையப் பேர் மாட்டிக்கொள்கிறார்கள். சொல்லாமல் இரண்டு தடவை வராவிட்டால் ஃபைலை மூடிவிடும் சேவைகள் உண்டு. ஒரு போன் செய்தால் போதும், இடம் தப்பும்.

எது யாருக்கு

முதலில் ஒற்றை அமர்வு. ஒருமுறை மட்டுமே சந்திப்பது போலத் திட்டமிட்டு நடத்துவது. தேவையென்றால் மறுபடி வரலாம், கதவு மூடப்படுவதில்லை. 1980களில் கலிபோர்னியாவில் மோஷே டால்மன் என்ற உளவியலாளர், தன்னிடம் ஒரே தடவை வந்துவிட்டுப் பிறகு வராமல் நின்றுபோன 200 பேருக்குப் போன் போட்டார். வெறுத்துப்போய் நின்றிருப்பார்கள் என்பதுதான் எல்லாரும் நினைத்தது. ஆனால் 78 சதவீதம் பேர் தேவையானது கிடைத்துவிட்டது என்றார்கள். ஆஸ்திரேலியாவில் 2006ல் தொடங்கி 12 முதல் 25 வயது வரையிலானவர்களைப் பார்க்கும் ஹெட்ஸ்பேஸ் போன்ற பொதுச் சேவைகளில் இந்த முறை இன்று வழக்கத்தில் இருக்கிறது. வரப்போகும் ஒரு முடிவு, ஒரு சண்டை, ஒரு பிரிவு, பரீட்சை நெருக்கடி போன்றவற்றுக்கு இது நன்றாகப் பொருந்தும். தொடக்கத்திலேயே, "இன்று கிளம்பும்போது எது கையில் இருந்தால் வந்தது வீணில்லை என்று நினைப்பீர்கள்?" என்று கேட்பார்கள். பதிலை வழியிலேயே யோசித்துக்கொண்டு வாருங்கள்.

இங்கே ஓர் எச்சரிக்கை. விபத்து, பேரிடர், வன்முறை நடந்த கையோடு உட்காரவைத்து, "நடந்ததை ஒன்று விடாமல் சொல்லு" என்று ஒரே மூச்சில் கேட்கும் அமர்வும் ஒற்றை அமர்வுதான். ஆனால் அது உதவுவதில்லை. உலக சுகாதார நிறுவனமே அதைப் பரிந்துரைப்பதில்லை. யாராவது அப்படி வற்புறுத்தினால், "இப்போது பேச விருப்பமில்லை" என்று சொல்லிவிடலாம்.

அடுத்தது தீர்வை மையமாக வைக்கும் முறை. ஸ்டீவ் டி ஷேஸர், இன்சூ கிம் பெர்க் என்ற தம்பதியர் அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் உருவாக்கியது. பிரச்சினை எங்கிருந்து வந்தது என்று தோண்டாமல், அது இல்லாத நேரங்களில் நீங்கள் என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்று தேடும். இரவில் அதிசயம் நடந்து பிரச்சினை மறைந்துவிட்டால் காலையில் எது முதலில் மாறியிருக்கும் என்ற புகழ்பெற்ற கேள்வி இதில் வரும். உண்மையைச் சொன்னால், அந்தக் கேள்வி பதினாறு வயதுக்காரர்களிடம் அவ்வளவாக எடுபடுவதில்லை. "அதிசயம்லாம் நடக்காது மேடம்" என்று முடித்துவிடுவார்கள். எனக்குப் பிடித்தது அளவுகோல் கேள்வி. சுழியத்திலிருந்து பத்துக்குள் இன்று எங்கே? "மூணு." ஏன் ஒன்று இல்லை, மூன்று? இங்கேதான் ஆள் நிமிர்ந்து உட்காருவார். தன்னை இதுவரை தாங்கிப் பிடித்திருப்பது எது என்று அப்போதுதான் யோசிப்பார். ஒரு பெண், "தம்பியை ஸ்கூலுக்கு அனுப்புறது நான்தான், அதனால எழுந்திரிச்சிடுறேன்" என்றாள். மூன்றிலிருந்து நான்காக என்ன நடக்க வேண்டும் என்று அதற்கப்புறம் கேட்டால் பதில் சின்னதாக, செய்யக்கூடியதாக வரும். இந்தக் கேள்வியை யாரும் கேட்காவிட்டாலும் நீங்களே உங்களைக் கேட்டுக்கொள்ளலாம்.

மனச்சோர்வில் படுக்கையை விட்டே எழ முடியாதவர்களுக்குச் செயலூக்கச் சிகிச்சை நல்ல தொடக்கம். அதன் தர்க்கம் எளிது. மனம் சோர்ந்தால் செய்வது குறைகிறது, செய்வது குறைந்தால் மனதுக்குக் கிடைப்பதும் குறைந்து சோர்வு கூடுகிறது. மனம் சரியாகட்டும், அப்புறம் செய்யலாம் என்று காத்திருந்தால் அந்த நாள் வருவது கஷ்டம். அதனால் செயலிலிருந்து தொடங்குகிறோம். ஒரு வாரம் மணிவாரியாக என்ன செய்தீர்கள், அப்போதைய மனநிலைக்கு எத்தனை மதிப்பெண் என்று குறிக்கச் சொல்வோம். போனில் மூன்று மணி நேரம் உருட்டிய பிறகு மதிப்பெண் இறங்கியிருப்பதையும், வேண்டாவெறுப்பாக மாடிக்குப் போய் நின்ற பிறகு ஒன்று ஏறியிருப்பதையும் அவர்களே கண்டுபிடிப்பார்கள். நான் சொன்னால் அறிவுரை, அவர்கள் தாளில் இருந்தால் ஆதாரம். பிறகு, மனநிலை எப்படி இருந்தாலும் குறித்த நேரத்தில் செய்ய வேண்டிய சின்ன வேலைகளைத் திட்டமிடுவோம். "தினமும் உடற்பயிற்சி" என்று எழுதாதீர்கள். "செவ்வாய் மாலை ஐந்து மணிக்குச் செருப்பைப் போட்டுக்கொண்டு தெருமுனை வரை" என்று எழுதுங்கள்.

பதற்றத்துக்குச் சிபிடி. இதைப் "பாசிட்டிவாக யோசிப்பது" என்று நினைத்து வருகிறவர்கள் அதிகம். அப்படி அல்ல. "எல்லாரும் என்னைப் பார்த்துச் சிரிப்பார்கள்" என்ற எண்ணத்தை ஒரு ஊகமாக எடுத்துக்கொண்டு சோதித்துப் பார்ப்பதுதான் இது. இதில் பெரிய பங்கு, பயப்படுவதைப் படிப்படியாக நேருக்கு நேர் சந்திப்பதற்கு. பயத்தின் பத்துப் படிகளை எழுதி, கீழ்ப் படியிலிருந்து ஏறுவோம். கடையில் ஒரு பொருளின் விலை கேட்பது கீழ்ப் படியாக இருக்கலாம், வகுப்பின் முன் நின்று பேசுவது மேல் படி. சில இடங்களில் பதற்றம் என்று போனால் மூச்சுப்பயிற்சி மட்டும் சொல்லிக்கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள். மூச்சுப்பயிற்சி கெட்டதல்ல, ஆனால் அது மட்டும் சிபிடி ஆகாது. மூன்று அமர்வு முடிந்தும் பயத்தைச் சந்திக்கும் பேச்சே வரவில்லை என்றால், "எக்ஸ்போஷர் எப்போது தொடங்குவோம்?" என்று நீங்களே கேளுங்கள். கேட்டால் கோபித்துக்கொள்ள மாட்டோம். பெரும்பாலும் மகிழ்ச்சிதான்.

வெளிச் சூழலே பிரச்சினை என்றால், அதாவது பள்ளியில் கேலி, படிப்புச் சுமை, வீட்டில் ஓயாத வாக்குவாதம் என்றால், பிரச்சினை தீர்க்கும் பயிற்சி இருக்கிறது. டெல்லி அரசுப் பள்ளிகளில் நடந்த ஓர் ஆய்வு 2020ல் வெளியானது. மனநலப் பட்டம் பெறாத, ஆனால் பயிற்சி பெற்ற கவுன்சிலர்கள் சுமார் மூன்று வாரத்தில் ஐந்து அமர்வுகள் வரை நடத்தினார்கள். பிரச்சினையைக் குறிப்பது, வழிகளை யோசிப்பது, ஒன்றைச் செய்து பார்ப்பது, இவ்வளவுதான் பாடத்திட்டம். கையேடு மட்டும் வாங்கிய மாணவர்களைவிட, அமர்வுகளுக்கு வந்தவர்களுக்குத் தாங்களே "இதுதான் என் பிரச்சினை" என்று சொன்ன விஷயங்களில் தெளிவான முன்னேற்றம். பொதுவான மனநல அறிகுறி அளவீட்டில் மட்டும் அந்த வித்தியாசம் தெரியவில்லை. எனக்கு இந்த முடிவு ஆச்சரியமாக இல்லை. குறுகியகால வேலை எதைக் குறிவைக்கிறதோ அதைத்தான் தொடும்; அதனால்தான் முதலில் ஒரு பிரச்சினையைத் தேர்ந்தெடுக்கச் சொன்னேன்.

இழப்பு, காதல் முறிவு, பெற்றோருடன் பேச்சே நின்றுபோனது, ஊரோ கல்லூரியோ மாறியது, இவற்றையொட்டி வந்த மனச்சோர்வுக்கு உறவுகளை மையமாக வைக்கும் ஐபிடி என்ற சிகிச்சை உண்டு. வளரிளம் பருவத்தினருக்கான வடிவம் பொதுவாக 12 வாரம், அதாவது இந்தப் பட்டியலில் கொஞ்சம் நீளமானது. பயிற்சி பெற்றவர்கள் எல்லா இடத்திலும் கிடைப்பதில்லை. விசாரித்துப் பாருங்கள்.

குழு அமர்வு என்றதும் பலர் பின்வாங்குகிறார்கள். வரிசை அங்கே சின்னது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். 10 முதல் 15 வயதினருக்காக உலக சுகாதார நிறுவனம் வடிவமைத்த ஈஸ் என்ற திட்டமும் குழுவாக நடப்பதுதான்: பிள்ளைகளுக்கு ஏழு அமர்வுகள், வளர்ப்பவர்களுக்கு மூன்று. அந்த மூன்றை நான் மிக முக்கியமாக நினைக்கிறேன். பிள்ளையை மட்டும் சரிசெய்து தரச் சொல்லிக் கொண்டுவந்து விடுகிறவர்களோடு எங்களுக்கு எப்போதும் ஒரு சின்னப் போராட்டம் உண்டு.

அமர்வுகளுக்கு நடுவில்

வாரத்தில் எங்களோடு இருப்பது ஒரு மணி நேரம்கூட இல்லை. மற்ற நேரமெல்லாம் வெளியேதான். அதனால் கொடுத்த வேலையைச் செய்து பார்ப்பதில்தான் பாதிப் பலன். செய்யாமல் வந்துவிட்டால் அமர்வைத் தவிர்க்காதீர்கள். ஏன் செய்ய முடியவில்லை என்பதே அன்றைக்குப் பேச வேண்டிய விஷயம். அநேகமாக வேலை பெரிதாக இருந்திருக்கும், பாதியாக வெட்டுவோம்.

மூன்றாவது அமர்வு வாக்கில் கணக்குப் பாருங்கள். தேர்ந்தெடுத்த பிரச்சினை கொஞ்சமாவது அசைந்திருக்கிறதா? கவுன்சிலரோடு பேசும்போது கேட்கப்படுவதாக உணர்கிறீர்களா? இரண்டுக்கும் இல்லை என்றால் அதை அவரிடமே சொல்லுங்கள். "இது எனக்கு ஒத்துவரவில்லை, வேறு முறை இருக்கிறதா?" என்ற ஒரு வாக்கியம் போதும். பலர் இதைச் சொல்லாமல் நின்றுவிடுகிறார்கள், பிறகு "தெரபி எனக்கு வேலை செய்யாது" என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். வேலை செய்யாதது ஒரு முறையாகவோ ஒரு ஆளாகவோ இருக்கலாம்.

காத்திருப்புப் பட்டியலில் இருக்கிறீர்கள் என்றால் அந்த நாட்களிலேயே மனநிலைக் குறிப்பைத் தொடங்கிவிடுங்கள். யாராவது கடைசி நேரத்தில் வராமல் போனால் அழைக்கச் சொல்லிப் பெயர் கொடுத்துவையுங்கள். இந்த வழியில் சீக்கிரம் உள்ளே வந்தவர்கள் உண்டு.

ஐந்தாறு போதாத இடங்கள்

யாரும் இல்லாதபோது குரல் கேட்பது, எல்லாரும் தனக்கு எதிராகச் சதி செய்கிறார்கள் என்று உறுதியாகத் தோன்றுவது, பல நாள் தூங்காமலே களைப்பில்லாமல் கட்டுக்கடங்காத உற்சாகத்தில் இருப்பது, சாப்பாட்டைக் குறைத்து எடை வேகமாக இறங்குவது, திரும்பத் திரும்பத் தன்னையே காயப்படுத்திக்கொள்வது, ஆண்டுக்கணக்கில் நடந்த கொடுமை. இவற்றுக்குக் குறுகியகால தெரபி மட்டும் போதாது. மனநல மருத்துவரும் நீண்ட சிகிச்சையும் வேண்டும். "முதலில் ஆறு அமர்வு பாருங்கள், அப்புறம் யோசிக்கலாம்" என்று யாராவது சொன்னால், மருத்துவரிடம் இப்போதே பரிந்துரைக்கச் சொல்லிக் கேளுங்கள். வீட்டிலேயே கொடுமை இன்னும் நடந்துகொண்டிருந்தால், முதல் வேலை தெரபி அல்ல, பாதுகாப்பு.

சாகும் எண்ணம் இருக்கிறவர்களுக்கு ஒரே அமர்வில் செய்யக்கூடிய, செய்தே ஆகவேண்டிய ஒன்று பாதுகாப்புத் திட்டம். பார்பரா ஸ்டான்லி, கிரெகரி பிரவுன் என்ற இருவர் வடிவமைத்தது, ஒரு தாளில் அடங்கும். எண்ணம் கிளம்புவதற்கு முன் தெரியும் அடையாளங்கள், தனியாகச் செய்து சமாளிக்கக்கூடியவை, மனதைத் திருப்ப உதவும் மனிதர்களும் இடங்களும், வாய்விட்டு உதவி கேட்கக்கூடியவர்கள், அழைக்க வேண்டிய மருத்துவர் அல்லது உதவி எண், ஆபத்தான பொருட்களைக் கைக்கெட்டாமல் வைப்பது. கடைசி வரியை வீட்டில் ஒருவரின் துணையோடு அன்றே செய்து முடிக்க வேண்டும். எண்ணம் உச்சத்தில் இருக்கும் நேரம் பெரும்பாலும் நீண்டு நிற்பதில்லை. அந்த நேரத்தில் பொருள் கைக்கெட்டாமல் இருப்பதே உயிரைக் காக்கிறது. தாளைப் படம் எடுத்துப் போனில் வைத்துக்கொள்ளுங்கள். இப்போதே ஆபத்தில் இருக்கிறீர்கள் என்றால் இதைப் படிப்பதை நிறுத்திவிட்டு, பக்கத்தில் இருக்கும் ஒருவரிடம் சொல்லுங்கள், அவசரப் பிரிவுக்குப் போங்கள். டோக்கன், வரிசை, பரிந்துரைக் கடிதம் எதுவும் அங்கே தேவையில்லை.

முடிக்கும்போது

கடைசி அமர்வைத் தவிர்ப்பவர்கள் நிறைய. தேறிவிட்டதே, எதற்குப் போக வேண்டும் என்று. அந்த அமர்வில்தான் அடுத்த சறுக்கலுக்கான ஏற்பாடு நடக்கும், அதனால் வந்துவிடுங்கள். எது உதவியது, எது உதவவில்லை, மறுபடி மோசமாவதன் முதல் அறிகுறி உங்கள் விஷயத்தில் எது என்று ஒரு பக்கத்துக்கு எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள். உங்கள் ஃபைல் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள், ஃபைலை எத்தனை மாதத்துக்குள் மறுபடி திறக்கலாம், அதற்குப் புதிதாகப் பரிந்துரை வேண்டுமா என்றும் விசாரியுங்கள். சில சேவைகளில் ஓரிரு மாதம் கழித்து ஒரு பூஸ்டர் அமர்வு கேட்டால் கிடைக்கும். கேட்காவிட்டால் யாரும் தாமாகச் சொல்வதில்லை. பதினெட்டு நெருங்குகிறவர்கள் இன்னொன்றையும் கேட்க வேண்டும்: வயது தாண்டியதும் பெரியவர்கள் பிரிவுக்கு மாற்றுவார்களா, அங்கே யாரைப் பார்க்க வேண்டும், உங்கள் குறிப்புகளை அங்கே அனுப்புவது யார் பொறுப்பு. பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள், ஒரு பிரதி உங்களிடமும் இருக்கட்டும்.